பேசிலஸ் சீரியஸை எண்ணச் சொந்தமாக மீடியா தயாரிக்கப் போகிறீர்களா?

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த இரண்டாம் மாதமே இந்த வேலை என் தலையில் விழுந்தது. சோற்றிலும் தோசை மாவிலும் உணவை நச்சாக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவை எண்ண வேண்டும். கிருமி வளர்க்கக் கடையில் வாங்கும் பிளேட் தோசை மாவுக்குச் சரிப்பட்டு வரவில்லை. சொந்தமாக ஒரு மீடியா, அதாவது கிருமி வளரும் ஊட்டக் கூழ், செய். அவ்வளவுதான் உத்தரவு. கல்லூரியில் படித்தவன்தானே, பவுடரைக் கரைத்து ஊற்றத் தெரியாதா என்று இறங்கினேன். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஐந்து மாதம் இழுத்தது. அதில் பாதி நாள் வீண். அந்தப் பாதி உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே நான் சொல்வது பேசிலஸ் சீரியஸை வைத்து. ஸ்டாஃபிலோகாக்கஸுக்கோ கிளாஸ்ட்ரிடியத்துக்கோ செய்பவர்களுக்கு, வேண்டாத கிருமிகளை அடக்கும் மருந்தும் வெப்பநிலையும் மாறும், படிகள் மாறாது.

1. முதலில் கணக்கு, அப்புறம் மீடியா

எந்த உணவு, கிராமுக்கு எத்தனை வரை எண்ண வேண்டும்? இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். சிங்கப்பூர் உணவு விதிமுறைகளில் நுண்ணுயிர் வரம்புகள் உள்ளன. உங்கள் உணவுக்கான எண்ணை அங்கிருந்தே எடுங்கள், பழைய அறிக்கையிலிருந்து எடுக்காதீர்கள்.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. பத்து கிராம் சோற்றை 90 மி.லி. கரைசலில் அடித்து, அதில் 0.1 மி.லி. எடுத்து ஒரு பிளேட்டில் பரப்புகிறீர்கள். அப்படியானால் பிளேட்டில் ஒரு காலனி (ஒரு கிருமி பெருகி உண்டாக்கும் திட்டு) என்பது கிராமுக்கு 100. சோற்றில் உண்மையிலேயே கிராமுக்கு 200 இருந்தால் பிளேட்டில் சராசரியாக இரண்டு காலனி வரும். சராசரி இரண்டு என்றால், ஏழெட்டுப் பிளேட்டுக்கு ஒன்று சும்மாவே காலியாக இருக்கும். அந்தப் பிளேட்டை வைத்துக்கொண்டு ‘பாக்டீரியா இல்லை’ என்று அறிக்கை கொடுத்துவிடுவீர்கள். குறைந்த எண்ணிக்கை வேண்டுமென்றால் 1 மி.லி.யை மூன்று பிளேட்டுகளில் பிரித்துப் பரப்பி, மூன்றையும் கூட்டி எண்ணுங்கள். அதே 200-க்கு இப்போது இருபது காலனி கிடைக்கும். எவ்வளவு உயர்ந்த மீடியாவும் இந்தக் கணக்கைச் சரிசெய்யாது.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கடையில் கிடைக்கும் பிளேட்டே போதும் என்று தெரிந்தால், வாங்கிவிடுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

2. கிருமியை ஆர்டர் செய்யும் முன் காகிதம்

சுகாதார அமைச்சின் கீழ் உயிரியல் காரணிகள், நச்சுகள் தொடர்பான சட்டம் ஒன்று இருக்கிறது, 2005-இல் வந்தது. எந்த அட்டவணை என்பதைப் பொறுத்து, அதில் உள்ள கிருமிகளை முன் அனுமதியில்லாமல் இறக்குமதி செய்யவோ வைத்திருக்கவோ கூடாது. ஆந்த்ராக்ஸ் கிருமி பேசிலஸ் சீரியஸுக்கு ரத்த சொந்தம், அது அட்டவணையில் இருக்கிறது. ஆகவே ‘உணவுக் கிருமிதானே’ என்று நீங்களாக முடிவு கட்டாமல், வாங்கப்போகும் ஒவ்வொரு இனத்தையும் அட்டவணையோடு ஒப்பிட்டு, பார்த்த தேதியோடு அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். விலங்கு நோய்க்கிருமி என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவப் பிரிவும் உள்ளே வரும்.

வாங்க வேண்டியவை குறைந்தபட்சம் மூன்று. மீடியாவைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 11133 தரநிலை, சீரியஸை எண்ணும் எம்ஒய்பி அகார் என்ற மீடியாவுக்குச் சொல்பவை இவை: வளர வேண்டியதற்கு பேசிலஸ் சீரியஸ், டபிள்யூடிசிஎம் என்ற உலகக் கிருமிப் பட்டியலில் 00001, அடங்க வேண்டியதற்கு ஈ.கோலை, 00012 அல்லது 00013. வளரும், ஆனால் வேறு மாதிரித் தெரிய வேண்டியதற்கு பேசிலஸ் சப்டிலிஸ், 00003. இவற்றோடு வாந்தி நச்சு உண்டாக்கும் சீரியஸ் ஒன்றையும் சேருங்கள். சோற்றுக்குப் பெயர்போனது அந்த வகைதான். பாடப்புத்தகக் கிருமி அழகாக வளரும் பிளேட்டில் அது முகம் மாறி நிற்கலாம்.

விலைப்பட்டியல் வாங்கும்போது கிருமியின் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். குளிர்ப்பெட்டிக் கட்டணம், ஆவணக் கட்டணம், குறைந்தபட்ச ஆர்டர், அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி என்று எல்லாம் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். கிருமியைக் கைமாற்றித் தருவதற்கான ஒப்பந்தம் வந்தால் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். அது நிறுவனம் போட வேண்டியது. எனக்கு அந்த ஒரு கையெழுத்துக்கே மூன்று வாரம் போனது. ஆகவே இந்தப் படியை முதல் நாளே தொடங்கிவிட்டு, அது நகரும்வரை மற்றதைப் பாருங்கள்.

கிருமி வந்ததும் கையிருப்புக் குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 70-க்குக் கீழே உறைய வையுங்கள். வேலைக்கு ஒரு குப்பியை எடுத்தால் மீதியைத் திருப்பி உறைய வைக்காதீர்கள். மூலத்திலிருந்து எத்தனையாவது மறுவளர்ப்பு என்பதைக் குப்பியிலேயே எழுதுங்கள். ஐந்தைத் தாண்ட விடாதீர்கள்.

3. பழைய செய்முறையிலிருந்து தொடங்குங்கள்

சொந்த மீடியா என்றதும் வெற்றுத் தாளிலிருந்து தொடங்காதீர்கள். சீரியஸை எண்ணுவதற்கான ஐஎஸ்ஓ 7932 தரநிலையில் உள்ள எம்ஒய்பி அகாரை முதலில் ஒழுங்காகச் செய்யுங்கள். அது கைக்கு வந்த பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எம்ஒய்பி லிட்டருக்கு: இறைச்சிச் சாறு 1 கிராம், பெப்டோன் (செரித்த புரதம்) 10, மானிட்டால் (ஒரு சர்க்கரை வகை) 10, உப்பு 10, நிறம்காட்டியான ஃபீனால் ரெட் 0.025 கிராம், கெட்டியாக்க அகார். இவற்றோடு கடைசியில் முட்டை மஞ்சள் கருவும் பாலிமிக்ஸின் பி என்ற மருந்தும் சேரும். பிஎச் 7.2, அதை 25 டிகிரியில் அளக்க வேண்டும், சூடாக இருக்கும்போது அளந்தால் எண் தவறும். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. பாலிமிக்ஸின் பி, ஈ.கோலை போன்ற ‘கிராம் நெகட்டிவ்’ வகைக் கிருமிக் கூட்டத்தை அடக்கும். முட்டை மஞ்சள் கருவிலுள்ள லெசித்தினை சீரியஸ் உடைக்கும்போது காலனியைச் சுற்றி வெள்ளைப் படிவு வரும். மானிட்டாலை சீரியஸ் தொடாது, பெப்டோனைத் தின்று காரமாக்கும்; அதனால் இளஞ்சிவப்பு. மானிட்டாலைப் புளிக்கவைக்கும் மற்ற கிருமிகள் மஞ்சளாக்கும்.

இங்கே இரண்டு பொறிகள், இரண்டிலும் நான் விழுந்தேன். பவுடர் டப்பாவில் ‘இத்தனை கிராம், 900 மி.லி. தண்ணீர்’ என்று இருந்தது. நான் பழக்கதோஷத்தில் ஒரு லிட்டரில் கரைத்தேன். அதற்கு மேல் 100 மி.லி. மஞ்சள் கருக் கரைசல் ஊற்றியதும் அகார் இளகிப்போய், பரப்பும் கண்ணாடிக் கோல் பிளேட்டை உழுதது. இரண்டாவது, பாலிமிக்ஸின் குப்பி. பல குப்பிகள் 500 மி.லி. மீடியாவுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். ஒரு லிட்டருக்கு ஒன்று போட்டால் ஈ.கோலை விருந்தே வைக்கும்.

மருந்தைப் பவுடராக வாங்கி எடை போடுபவர்கள் மில்லிகிராமில் யோசிக்காதீர்கள், யூனிட்டில் யோசியுங்கள். ஒரு மில்லிகிராமில் எத்தனை யூனிட் என்பது லாட்டுக்கு லாட் மாறும். சான்றிதழைப் பார்த்து ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுங்கள். 10 லட்சம் யூனிட்டை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 90 மி.லி. அடிப்படை மீடியாவுக்கு 1 மி.லி., மஞ்சள் கருக் கரைசல் 10 மி.லி. என்று சேர்க்க வேண்டும். ஆட்டோகிளேவ் முடிந்து மீடியா 44 முதல் 47 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் இரண்டும் உள்ளே போகலாம்.

இந்த ஊர்க் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பவுடர் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எடைத் தாள் தேடப் போகாதீர்கள். ஈரம் ஏறிக் கட்டி தட்டிவிடும், அப்புறம் 10 கிராம் என்பது 10 கிராம் இல்லை. டப்பாவில் திறந்த தேதி எழுதி, ஈரம் உறிஞ்சும் ஜெல்லோடு மூடி வையுங்கள்.

4. முட்டை

எங்கள் வீட்டில் முட்டை வாங்கியதே இல்லை. இங்கே வந்து வாரா வாரம் தேக்கா சந்தையில் ஒரு தட்டு முட்டையோடு நிற்கிறேன் என்றால் அம்மா நம்பவில்லை.

தோலை சோப்புநீரில் தேய்த்துக் கழுவி, 95 விழுக்காடு எத்தனாலில் 30 வினாடி முக்கி, காற்றில் உலர விடுங்கள். உடைத்து வெள்ளைக் கருவை முழுவதும் ஒதுக்குங்கள். மஞ்சள் கருவின் நான்கு மடங்கு கிருமிநீக்கிய தண்ணீர் சேர்த்துக் குலுக்கி, 44 முதல் 47 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு மணி நேரம். பிறகு குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் அடியில் வண்டல் தங்கும். மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

எத்தனால் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று எண்ண வேண்டாம். பேசிலஸின் வித்துகளுக்கு, அதாவது சூட்டையும் மருந்தையும் தாங்கி உறங்கும் அதன் வடிவத்துக்கு, எத்தனால் ஒரு குளியல் மாதிரி. மேசையைத் துடைப்பதற்கும் இதே கதைதான். வித்துகளோடு வேலை செய்த மேசைக்குக் குளோரின் ப்ளீச் வேண்டும். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பிளேட்டை எதுவும் போடாமல் 30 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். அதில் இளஞ்சிவப்புக் காலனி ஒன்று தலைகாட்டினால் தொகுதி முழுவதும் குப்பைக்கு.

ஊற்றும்போது 90 மி.மீ. பிளேட்டுக்கு 18 முதல் 20 மி.லி. இங்குள்ள குளிரூட்டியில் மூடியின் உள்பக்கம் நீர் கோத்துக்கொள்ளும். அந்த ஒரு சொட்டு விழுந்தாலே சீரியஸ் வழிந்து பரவும். சும்மாவே பெரிய காலனி அது, ஈரம் இருந்தால் நாலு காலனி ஒன்றாகிவிடும். ஈரம் மறையும்வரை உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள்.

5. நம் ஆள் உயிரோடு இருக்கிறானா?

முதல் முறை நான் மருந்தை இரட்டிப்பாக்கி, ஈ.கோலை ஒன்றுகூட வராத பிளேட்டை எடுத்துக்கொண்டு பெருமையோடு எங்கள் கூடத்தின் மூத்த ஆய்வாளரான அக்காவிடம் போனேன். அவர் பிளேட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தார். “எதிரி செத்தது சரி தம்பி. நம்ம ஆளு எங்கே?” என்றார். சீரியஸும் பாதிக்கு மேல் காணோம்.

எதிரியை அடக்கும் மருந்து எதுவும் நம் கிருமியையும் கொஞ்சம் கிள்ளத்தான் செய்யும். ஆகவே முதல் சோதனை வளர்ச்சிக்கு. பிளேட்டுக்கு ஏறக்குறைய 100 கிருமி வரும்படி ஒரே கரைசலை உங்கள் மீடியாவிலும், மருந்தில்லாத ட்ரிப்டிக் சோய் அகாரிலும் பரப்புங்கள். சோய் அகாரில் 90, உங்களுடையதில் 54 என்றால் விகிதம் 0.6. வேண்டிய கிருமியை மட்டும் வளரவிடும் தேர்வு மீடியாவுக்கு 0.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐஎஸ்ஓ 11133-இன்படி தேர்ச்சி. ஒற்றைப் பிளேட்டை நம்பாதீர்கள். 100 கிருமி போட்டால் 90 வருவதும் 110 வருவதும் வெறும் குலுக்கல். ஐந்து பிளேட்டாவது போட்டுச் சராசரி எடுங்கள்.

அடுத்தது அடக்கும் திறன். ஈ.கோலையை 10,000 முதல் 10 லட்சம் வரை உள்ள கரைசலில் தொடங்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்கவைத்து இரண்டு மீடியாவிலும் போட்டு, எந்த அடர்த்தியில் வளர்ச்சி நிற்கிறது என்று பாருங்கள். லாக் கணக்கில் வித்தியாசம் 2, அதாவது நூறு மடங்கு, அல்லது அதற்கு மேல் வேண்டும். மூன்றாவதாக சப்டிலிஸ்: மஞ்சளாக, படிவு வளையம் இல்லாமல் வர வேண்டும்.

தரநிலை கேட்காத ஒன்றையும் நான் கேட்பேன்: வித்துகளை வைத்து ஒரு சோதனை. வெந்த சோற்றில் இருப்பது ஆய்வகத்தில் நேற்று இரவு கொழுகொழுவென்று வளர்ந்த கிருமி அல்ல. அடுப்பில் வெந்து பிழைத்த வித்து. மாங்கனீசு சேர்த்த நியூட்ரியன்ட் அகாரில் சில நாள் வளர்த்து, நுண்ணோக்கியில் வித்துகள் பளிச்சென்று தெரிகிறதா என்று பார்த்து, கரைசலை 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிப் பரப்புங்கள். என் இரண்டாவது செய்முறை இளம் கிருமியில் ஜம்மென்று தேறியது, வித்தில் தோற்றது. அன்றைக்கே மருந்தின் அளவை லிட்டருக்கு ஒரு லட்சம் யூனிட்டுக்குத் திருப்பிவிட்டேன்.

6. தோசை மாவு என்ற வில்லன்

சோற்றில் எல்லாம் நன்றாகப் போனது. தோசை மாவைப் போட்டதும் மறுநாள் காலை பிளேட் முழுக்க மஞ்சள்.

காரணம் யோசித்தால் எளிது. பாலிமிக்ஸின் அடக்குவது கிராம் நெகட்டிவை. புளித்த மாவில் கோடிக்கணக்கில் இருப்பது லாக்டிக் அமிலக் கிருமிகள், அவை கிராம் பாசிட்டிவ். மருந்தைக் கண்டு அசையாது. அவை விடும் அமிலம் பிளேட் முழுக்கப் பரவி இளஞ்சிவப்பை விழுங்கிவிடுகிறது. நிறத்தை நம்பி எண்ணினால் சுழியம் என்று எழுதுவீர்கள், வளையம் மட்டும் அங்கங்கே தெரியும்.

நான் செய்த மாற்றங்கள் வரிசையாக. ஒன்று, மாவின் முதல் கரைசலை, அமிலம் சேர்ந்தாலும் பிஎச் எளிதில் மாறாத பெப்டோன் நீரில் செய்து, பிஎச் ஏழுக்கு அருகில் வருகிறதா என்று பார்த்துத் திருத்தினேன். இரண்டு, ட்ரைமெத்தோப்ரிம் என்ற இரண்டாவது மருந்து. இதில் ஒரு சூட்சுமம்: பெப்டோனில் தைமிடின் என்ற பொருள் அதிகமிருந்தால் இந்த மருந்து வேலை செய்யாது. மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் பலனில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது பெப்டோனை. மூன்று, பெப்டோனை வெகுவாகக் குறைத்து பைருவேட் என்ற உப்பைச் சேர்த்த, சீரியஸுக்கான இன்னொரு மீடியாவான பெம்பா அகாரின் வழியைப் பார்த்தேன். அதில் ஃபீனால் ரெட்டுக்குப் பதில் ப்ரோமோதைமால் ப்ளூ. சீரியஸ் மயில்நீலத்தில் வரும், பெப்டோன் குறைவதால் படிவு வளையமும் தெளிவாக விழும். கடைசியில் நான் நின்றது இதற்குப் பக்கத்தில்தான்.

உங்கள் உணவு வேறாக இருந்தால் உங்கள் வில்லனும் வேறாக இருக்கும். கீரை வகைகளில் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் வரலாம், பூச்சிமருந்தாகத் தெளிக்கிறார்கள். இந்த மீடியாக்களில் அது சீரியஸைப் போலவேதான் தெரியும். அதனால் அறிக்கையில் ‘சீரியஸ் எனக் கருதத்தக்கவை’ என்று எழுதுவதே முறை. ஐந்து காலனிகளைச் செம்மறி ரத்த அகாரில் போட்டு ரத்த அணுக்களை உடைக்கிறதா என்று பார்க்காமல் எண்ணை வெளியே விடாதீர்கள்.

7. நாளும் செலவும்

ஒரு சுற்றுக்கு வாரம் முழுக்க வேண்டும். திங்கள் முட்டை, செவ்வாய் பிளேட் ஊற்றுதல், புதன் கிருமி போடுதல், வியாழன் முதல் பார்வை, வெள்ளி இரண்டாவது பார்வையும் ரத்த அகாரும், சனி முடிவு. புதன்கிழமை முட்டை உடைத்தால் திங்கள்வரை தூக்கமில்லை. சீனப் புத்தாண்டு வாரத்தைத் தொடவே தொடாதீர்கள். சப்ளையர்களும் கிடைக்க மாட்டார்கள், பாதி அலுவலகமும் இருக்காது.

நான்கு இனம், இரண்டு மீடியா, ஐந்து பிளேட், மூன்று தொகுதி: 120 பிளேட். இதில் உங்கள் மீடியா 60 பிளேட், அதாவது 1.2 லிட்டர். அதற்கு இரண்டு மூன்று முட்டை போதும். செலவு முட்டையிலும் அகாரிலும் இல்லை. கிருமிகளிலும், உங்கள் நேரத்திலும், கழிவை அகற்றுவதிலும்தான். கழிவை ஆட்டோகிளேவ் செய்த பின் தேசியச் சுற்றுப்புற வாரிய உரிமம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அவர்களுடைய ரசீதையும் கோப்பில் சேருங்கள்.

செய்த பிளேட் எத்தனை நாள் தாங்கும் என்பதை நீங்களே நிரூபிக்க வேண்டும். முதல் நாள், இரண்டாம் நாள், நான்காம் நாள் என்று அதே தொகுதியைத் திரும்பத் திரும்பச் சோதியுங்கள். நாங்கள் நான்கு நாளோடு நிறுத்திக்கொண்டோம்.

8. தணிக்கைக் கோப்பு

சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் சிங்லாஸ் என்ற ஆய்வகச் சான்று உள்ள கூடம் என்றால், சொந்த மீடியா என்பது சொந்த முறை. ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலையின் 7.2.2 பிரிவு முழு மதிப்பீடு கேட்கும். முறை எழுதப்பட்ட தாள், மூல எண்கள், தோற்ற சோதனைகள், அளவீட்டு ஐயப்பாடு எல்லாம் வேண்டும். தோற்றவற்றைக் கிழித்துப் போடாதீர்கள். என்னிடம் தணிக்கையாளர் அதிகம் கேள்வி கேட்டது அந்த மஞ்சள் பிளேட்டைப் பற்றித்தான், அதற்குப் பதில் இருந்ததால்தான் மற்றவற்றை வேகமாகப் புரட்டினார்.

ஒவ்வொரு பொருளுக்கும் லாட் எண் கேட்பார்கள். பவுடருக்கு இருக்கும், மருந்துக்கு இருக்கும், முட்டைக்கு? இங்கே விற்கும் இறக்குமதி முட்டைகளின் தோலில் பண்ணைக் குறியீடு அச்சிட்டிருக்கும். அதுதான் உங்கள் லாட் எண். சோப்புப் போட்டுத் தேய்ப்பதற்கு முன்பே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். தேய்த்த பிறகு பாதி எழுத்து போய்விடும்.